கேள்வி – பதில்: வீட்டு சர்வரும் கரண்ட் பில்லும்

வீட்டிலேயே சர்வர் வைக்க நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எதை வாங்குவது, எவ்வளவு மின்சாரம் இழுக்கும், ஏற்கெனவே இருப்பதை எப்படிக் குறைப்பது என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

கேள்வி: குடும்பப் போட்டோக்களை பேக்கப் எடுக்கவும், டிவியில் படம் பார்க்கவும், வீட்டுக் கணக்குகளை வைக்கவும் ஒரு சர்வர் வேண்டும். இரண்டு ஜியான் பிராசசரும் 64 ஜிபி ராமும் உள்ள பழைய ரேக் சர்வர் (நிறுவனங்களில் அலமாரியில் அடுக்கி வைக்கும் வகை) ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது. நண்பரோ மினி பிசி போதும் என்கிறார். எதை வாங்கலாம்? – மதுரை வாசகர்

மினி பிசியை வாங்குங்கள். அந்த ரேக் சர்வரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டு சர்வர் ஒரு நாளில் உண்மையாக வேலை செய்வது கொஞ்ச நேரம்தான். இரவில் போட்டோ ஏறும், மாலையில் ஒரு படம் ஓடும். மீதி நேரம் முழுக்க யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டு இருக்கும். அதனால் பில்லைத் தீர்மானிப்பது அதன் வேகமோ உச்ச வாட்டோ அல்ல, சும்மா இருக்கும்போது அது இழுக்கும் வாட். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான். பெட்டியின் மேல் இதை யாரும் அச்சிடுவதில்லை.

இரண்டு மாத பில்லுக்கு 60 நாள், அதாவது 1440 மணி நேரம். தொடர்ந்து 10 வாட் இழுத்தால் 14.4 யூனிட். 100 வாட் இழுத்தால் 144 யூனிட். இரண்டு பிராசசர் கொண்ட பழைய ரேக் சர்வர் எதுவும் செய்யாமலே 100 வாட்டைச் சுலபமாகத் தாண்டும். அதற்குள் சுழலும் சின்னச் சின்ன ஃபேன்களே கணிசமாகத் தின்னும். உங்கள் வீட்டு உபயோகம் இப்போது 420 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மினி பிசி சேர்ந்தால் 434. ரேக் சர்வர் சேர்ந்தால் 564. இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்டண முறை கடிக்கும். கூடுதல் யூனிட் எல்லாம் மேல் படியின் (ஸ்லாபின்) விலையில் விழும். அது மட்டுமல்ல, 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குத் தனியாக ஒரு சலுகை உண்டு. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே சர்வரின் செலவைச் சராசரி விலையில் போடாதீர்கள். பில்லின் கடைசிப் படியில் என்ன விலையோ அந்த விலையில் போடுங்கள்.

அடுத்து டிடிபி, அதாவது முழு வேலையில் பிராசசருக்கு நிர்ணயித்த வாட் அளவு. இன்டெல் ஐ5-8500 65 வாட், ஐ5-8500டி 35 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ‘டி’ பாதிதான் இழுக்கும் என்று நினைக்கிறார்கள். சும்மா இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘டி’ என்பது உச்சத்துக்குப் போட்ட கடிவாளம். சின்ன கேபினெட்டில் சூடு ஏறாமல் இருக்க உதவும், அவ்வளவே. இழுப்பைத் தீர்மானிப்பவை மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஹார்ட் டிஸ்க், சொருகியிருக்கும் கார்டுகள்.

உங்கள் தேவைக்கு இரண்டு வழிகள். முதலாவது, 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 பிராசசர் உள்ள புது மினி பிசி. நான்கு கோர். எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) மட்டும் போட்டால், சும்மா இருக்கும்போது பிளக்கில் 6 முதல் 10 வாட். முழு வேலை கொடுத்தால் 20 முதல் 25. ராம் ஒரே சேனல்தான், ஸ்லாட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் முதலிலேயே 16 ஜிபியாகப் போட்டுவிடுங்கள். படத்தை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் வேலையை இதன் கிராபிக்ஸ் பகுதியே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லிட்டர் அளவு குட்டி டெஸ்க்டாப்: டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் தேடிப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது 8 முதல் 15 வாட். ஆறு கோர் ஐ5-8500டி கிடைத்தால், பல வேலைகளை ஒன்றாக ஓட்டுவதில் என்100ஐ விட மேல். எங்கள் ஓட்டு இதற்குத்தான். ராம் இரண்டு ஸ்லாட், கட்டுமானம் உறுதி, உதிரிபாகம் கிடைக்கும்.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். பயாஸுக்குள் (பூட் ஆகும் முன் வரும் அமைப்புத் திரை) பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள், பூட்டியிருந்தால் வாங்காதீர்கள். ஏழாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஆறாம் தலைமுறையின் கிராபிக்ஸால் 10-பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய படங்களைக் கையாள முடியாது, பிராசசரே மூச்சு முட்ட அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். 2.5 அங்குல டிஸ்க் மாட்டும் சட்டமும் அதன் கேபிளும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைக் கழற்றித் தனியாக விற்றிருப்பார்கள். கடைசியாக, அடாப்டர் அந்த பிராண்டுடையதாகவே இருக்கட்டும். டெல் பெட்டிகள் அடாப்டரின் நடு ஊசி வழியாக அதன் வாட்டைப் படிக்கும். படிக்க முடியாவிட்டால் எச்சரிக்கை காட்டி, பிராசசரின் வேகத்தைக் கீழே இழுத்துவிடும். ‘மெஷின் ஸ்லோ’ என்று திரும்பி வரும் சில பெட்டிகளில் கோளாறு அடாப்டரில்தான்.

கேள்வி: ஐ5-8500, 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், பழைய கிராபிக்ஸ் கார்டு, இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், ஒரு சாட்டா விரிவாக்க கார்டு. லினக்ஸ் போட்டிருக்கிறேன். எதுவும் ஓடாதபோதும் மீட்டர் 55 வாட் காட்டுகிறது. எங்கே தப்பு? – கோவை வாசகர்

தப்பு ஒரே இடத்தில் இல்லை, சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்தால் எது உதவியது என்றே தெரியாது.

முதலில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். திரையே இல்லாத சர்வருக்கு அது தேவையில்லை; பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் போதும். பழைய கார்டு சும்மா இருந்தே 8 முதல் 15 வாட் வரை இழுக்கும்.

அடுத்து சாட்டா கார்டு, அதாவது கூடுதல் டிஸ்க் மாட்ட உதவும் கார்டு. இதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். இன்டெல் பிராசசர் சும்மா இருக்கும்போது, முழுச் சிப்பும் படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்: சி2, சி3, சி6, சி8, சி10 என்று. ஆழத்துக்குப் போகப் போக வாட் குறையும். ஆனால் பிசிஐ வழியில் சொருகிய ஒரே ஒரு கார்டு உறங்க மறுத்தாலும் மொத்தச் சிப்பும் மேலேயே நின்றுவிடும். அதாவது கார்டு தான் தின்னும் 2 வாட்டோடு, மற்றவர்களையும் தூங்கவிடாமல் இன்னும் 5, 10 வாட் சேர்த்துத் தின்ன வைக்கிறது. பவர்டாப் என்ற கருவியை நிறுவி, அதன் ‘ஐடில் ஸ்டாட்ஸ்’ பக்கத்தில் பேக்கேஜ் என்ற பத்தியைப் பாருங்கள். சி2 அல்லது சி3யில்தான் பெரும்பாலான நேரம் போகிறது என்றால் ஏதோ ஒரு கார்டு தடுக்கிறது. சி8 வரை போனால் நல்லது.

சாட்டா கார்டுகளில் ஜேஎம்பி585 சிப் உள்ளவை இந்த ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுப்பதில் பெயர் பெற்றவை. ஏஎஸ்எம்1166 சிப் உள்ளவை ஒத்துழைக்கும். சிலவற்றுக்கு மட்டும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பழைய எல்எஸ்ஐ ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்டு) போட்டிருந்தால் இன்னும் மோசம், அது தனியாகவே 8 முதல் 10 வாட். ஆனால் உங்களிடம் இருப்பதோ இரண்டே டிஸ்க். மதர்போர்டிலேயே நான்கு சாட்டா இணைப்பாவது இருக்கும். கார்டைத் தூக்கிவிட்டு நேராக போர்டில் மாட்டுங்கள்.

பிறகு பயாஸ். சி-ஸ்டேட் எல்லாவற்றையும் ‘எனேபிள்’ செய்யுங்கள். ‘ஆட்டோ’ என்று விட்டால் பல போர்டுகள் சி3யோடு நிறுத்திக்கொள்ளும். பிசிஐ ஏஎஸ்பிஎம் (கார்டு இணைப்பின் மின் சேமிப்பு) என்பதையும் எனேபிள் செய்யுங்கள். ஆர்ஜிபி விளக்கு, ஒலி, பயன்படாத இரண்டாவது லேன் எல்லாவற்றையும் அணையுங்கள். பவர்டாப்பில் ‘ஆட்டோ டியூன்’ ஓட்டினால் மீதியைச் சரிசெய்யும். அது மறு தொடக்கத்தில் அழிந்துபோகும் என்பதால், பூட் ஆகும்போது தானாக ஓடும்படி ஒரு சர்வீஸாக எழுதிவையுங்கள். ஒரு எச்சரிக்கை: சாட்டா இணைப்பின் மின் சேமிப்பில் ‘மின் பவர்’ (min_power) என்ற கடைசி நிலை சில டிஸ்க்குகளில் தரவைக் கெடுத்திருக்கிறது. ‘மெட் பவர் வித் டிப்ம்’ (med_power_with_dipm) என்ற நடு நிலையோடு நிறுத்துங்கள். சேமிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

எஸ்எம்பிஎஸ் கடைசியில்தான். 80 பிளஸ் கோல்டு சான்றிதழ், 20, 50, 100 சதவீதச் சுமையில் அளந்து தருவது. 750 வாட்டில் 20 சதவீதம் என்றால் 150 வாட். உங்கள் பெட்டி ஓடுவதோ 7 சதவீதத்தில். அங்கே திறன் எப்படி என்று சான்றிதழ் சொல்வதில்லை. பொதுவாகக் கீழே சரியும். மேலே சொன்னதை எல்லாம் செய்து 25 வாட்டுக்கு இறக்கிய பிறகு, 300 வாட் அளவிலான நல்ல எஸ்எம்பிஎஸ் கையில் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். மிச்சமாகும் 4, 5 வாட்டில் வருடத்துக்குச் சுமார் 40 யூனிட்தான் தேறும்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கை வேலை இல்லாதபோது சுழலாமல் நிறுத்திவைக்கலாமா? அடிக்கடி நின்று ஓடினால் கெட்டுப்போகுமா? – சேலம் வாசகர்

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுழன்றுகொண்டிருக்க 4 முதல் 6 வாட் கேட்கும். நான்கு டிஸ்க் என்றால் மினி பிசியை விட டிஸ்க்குகளே அதிகம் தின்னும். எனவே நிறுத்துவதில் லாபம் உண்டு, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மட்டும் எழும்படி இருந்தால். எச்டிபார்ம் கருவியில் காத்திருப்பு எண்ணை 241 என்று கொடுத்தால் அரை மணி நேரம், 242 என்றால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று எழுவது மோட்டாருக்கும் நல்லதல்ல, மின்சாரமும் மிச்சமாகாது.

பலருக்கு டிஸ்க் நிற்பதே இல்லை. காரணம், பதிவேடுகளும் டேட்டாபேஸும் சிறுபடங்களும் அதே டிஸ்க்கில் இருப்பதுதான். இவை எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பெரிய டிஸ்க்கில் படமும் போட்டோவும் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, ரெய்டு 5, இசட்எஃப்எஸ் போன்று ஒரு கோப்பைப் பல டிஸ்க்கில் பிரித்து எழுதும் அமைப்புகளில் ஒரு படத்தைத் திறந்தாலே எல்லா டிஸ்க்கும் சுழல வேண்டும். மெர்ஜர்எஃப்எஸ்ஸும் ஸ்நாப்ரெய்டும் சேர்ந்த அமைப்பில் ஒரு கோப்பு முழுவதும் ஒரே டிஸ்க்கில் இருக்கும், அந்த டிஸ்க் மட்டும்தான் எழும். அடிக்கடி மாறாத படத் தொகுப்புக்கு இதுவே பொருத்தம். தினமும் மாறும் கோப்புகளுக்கு இது வேண்டாம். ஸ்நாப்ரெய்டு குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே ஒத்திசைப்பதால், இடையில் எழுதியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை.

நின்ற டிஸ்க் எழும்பும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும், அதாவது 24 வாட், சில விநாடிகளுக்கு. நான்கும் ஒன்றாக எழுந்தால் 96 வாட். 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரின் மொத்தக் கொள்ளளவே 60 வாட்தான். ‘பூட் ஆகும்போது ஒரு டிஸ்க் காணாமல் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது’ என்ற புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மொத்தத் தேவை 2 டிபிக்குள் என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி வாங்குங்கள். அதற்கு மேல் ஹார்ட் டிஸ்க் வாங்குவதானால், நான்கு சின்ன டிஸ்க்கை விட இரண்டு பெரிய டிஸ்க் எப்போதும் சிக்கனம். ரெய்டில் போடுவதற்கு எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எழுதுவது) வேண்டாம். ஒரு டிஸ்க் செத்து மாற்றும்போது, தரவை மறுபடி நிரப்ப நாள் கணக்கில் இழுக்கும். டபிள்யூடியில் வெறும் ‘ரெட்’ என்று வரும் 2 முதல் 6 டிபி வரையிலான டிஸ்க்குகள் எஸ்எம்ஆர், ‘ரெட் பிளஸ்’ சிஎம்ஆர், அதாவது தடங்கள் அப்படிப் படியாத வகை.

கேள்வி: திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதையே சர்வராக்கலாமா? பேட்டரி வெடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். – நாகர்கோவில் வாசகி

தாராளமாக ஆக்கலாம். பேட்டரியில் ஓடவேண்டும் என்றே வடிவமைத்த மெஷின் என்பதால் லேப்டாப் இயல்பிலேயே சிக்கனமானது. திரை அணைந்திருந்தால் 5 முதல் 10 வாட். காசு கொடுத்து வாங்கும் எதுவும் இதை மிஞ்சுவது கடினம்.

பேட்டரி பற்றிய கவலை நியாயமானது. வருடக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே வெப்பத்தில் கிடக்கும் லித்தியம் பேட்டரி உப்பும். டச்பேட் மேலே தூக்கி நிற்கிறதா, அடிப்பக்கம் மேசையில் ஆடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அறிகுறி தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றக் கடையில் கொடுங்கள், வீட்டில் நெம்பாதீர்கள். இப்போது நன்றாக இருக்கிறது என்றால் சார்ஜ் வரம்பை 60 சதவீதத்தில் வையுங்கள். திங்க்பேடு போன்றவற்றில் லினக்ஸிலிருந்தே வைக்கலாம், மற்றவற்றில் பயாஸில் தேடுங்கள். சில மாடல்கள் பேட்டரி இல்லாவிட்டால் வேகத்தைப் பாதியாக்கும், அதையும் கவனியுங்கள்.

மூடியை மூடினால் தூங்கும் அமைப்பை அணையுங்கள். மூடியபடி வைத்தால் சில மாடல்களில் கீபோர்டு வழியாகப் போக வேண்டிய சூடு உள்ளேயே தங்கும். கொஞ்சம் திறந்தே வைக்கலாம். வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 5 என்ற கைக்கடக்கமான கணினிதானே எல்லாவற்றிலும் சிக்கனம்? – திருநெல்வேலி வாசகர்

வாட்டில் ஆம், சும்மா இருக்கும்போது 3 முதல் 4 வாட். என்100 பெட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 4, 5 வாட், வருடத்துக்கு 40 யூனிட் சுமார். ஆனால் பைக்கு அதற்கான 5 ஆம்பியர் அடாப்டர், கேபினெட், ஃபேன், என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டும் பலகை என்று ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கும்போது விலை மினி பிசியை நெருங்கிவிடும். வீடியோவை மாற்றும் எச்.264 வன்பொருள் பை 5இல் கிடையாது. ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்), விளம்பரத் தடுப்பு, சின்ன வெப்சைட் போன்றவற்றுக்குப் பை அருமை. படமும் போட்டோவும் என்றால் என்100. எதற்கானாலும் மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். ஓயாமல் எழுதும் வேலைக்கு அது தாங்காது.

கேள்வி: நான்கு சிசிடிவி கேமராவை வீட்டு சர்வரிலேயே பதிவு செய்ய நினைக்கிறேன். என்100 தாங்குமா? – தாம்பரம் வாசகர்

தாங்கும், பதிவை அப்படியே எழுதினால். கேமரா அனுப்பும் வீடியோவைப் பிரித்து மறுபடி சுருக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க கேமராவின் சின்ன ஸ்ட்ரீமைக் கொடுங்கள், பெரிய ஸ்ட்ரீம் நேராக டிஸ்க்குக்குப் போகட்டும்.

ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் அனுப்பினால் நாளொன்றுக்கு 43 ஜிபி. நான்குக்கு 173 ஜிபி. 15 நாள் வைக்க 2.6 டிபி. இந்த டிஸ்க் ஒருபோதும் தூங்காது, ஆகவே போட்டோ டிஸ்க்கோடு கலக்காமல் கண்காணிப்புக்கென்றே விற்கும் டிஸ்க் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். ஒரு கேமரா 4 முதல் 6 வாட். நான்கு கேமராவும் பிஓஇ சுவிட்சும் (லேன் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்ட் தரும் பெட்டி) சேர்ந்தால் சர்வரை விட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். சிக்கனம் வேண்டுமானால் இரவில் எரியும் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு இன்ஃப்ராரெட் மட்டும் வையுங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது. – தஞ்சாவூர் வாசகர்

இன்வெர்ட்டரில் ‘யூபிஎஸ்’, ‘ஈகோ’ என்று இரண்டு நிலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் மாறுவதற்கு 40 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். கணினி எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாங்குவது ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட். சுவிட்சை யூபிஎஸ்ஸுக்குத் தள்ளுங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். தீராவிட்டால் எஸ்எம்பிஎஸ் பழையதாகி உள்ளே கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம்.

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் மினி பிசி என்றால், ரூட்டருக்கு விற்கும் டிசி மினி யூபிஎஸ் கொண்டே ஓட்டலாம். ஆனால் 2 ஆம்பியர் மாடல் 24 வாட்டோடு நின்றுவிடும், பிராசசர் ஒரு கணம் துள்ளினாலும் அணையும். 3 ஆம்பியர் உள்ளதாகப் பாருங்கள். 19 வோல்ட் பெட்டியை இதில் மாட்டக் கூடாது. எதுவானாலும் பயாஸில் ‘ஏசி ரிகவரி’ அல்லது ‘ஆஃப்டர் பவர் லாஸ்’ என்பதை ‘ஆன்’ ஆக்குங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழும்.

கேள்வி: பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் இல்லாமல் அளக்க வழி உண்டா? – ஈரோடு வாசகி

உண்டு. ஈபி மீட்டரிலேயே ஒரு சிவப்பு விளக்கு மின்னும். அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும்; உதாரணமாக 3200. அப்படியானால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான விநாடியால் 1125ஐ வகுத்தால் வாட் கிடைக்கும்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணையுங்கள். மிகச் சின்னச் சுமையில் மீட்டர் துல்லியமாக ஓடாது, எனவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். முதல் மின்னலில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அதன் பிறகு வரும் பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள். 187 விநாடி வந்தால் 11250ஐ 187ஆல் வகுக்க, 60 வாட். இப்போது சர்வரைப் போட்டு, பூட் ஆகிப் பத்து நிமிடம் கழித்து, மறுபடி பத்து துடிப்பு எண்ணுங்கள். 150 விநாடி வந்தால் 75 வாட். வித்தியாசம் 15, அதுதான் உங்கள் சர்வர். எல்இடி பல்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் சுமை மிகக் குறைவு. வோல்டேஜ் ஏறி இறங்கும் மாலை நேரத்தைத் தவிர்த்து, காலையில் இரண்டு முறை அளந்து பாருங்கள்.